முதுகில் ஒட்டிய சுண்ணாம்பு

என் அன்புக்குரிய ‘என்னங்க’வுக்கு,

முப்பது வருஷம் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். மேலே போய்விட்டீர்கள் என்பதற்காகப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்குத் துணிச்சல் வரவில்லை. அங்கே சௌக்கியம்தானே? சாய்ந்து உட்காரச் சுவர் ஏதாவது இருக்கிறதா?

முதலில் செய்தி. கூடத்துச் சுவரின் பூச்சைக் கொத்திப் போட்டுவிட்டேன். கோபப்படாதீர்கள். பட்டாலும் இங்கே வந்து கத்த முடியாது என்ற தைரியத்தில்தான் செய்தேன்.

அந்தச் சுவரில் ஓதம் ஏறியதைக் கடைசிவரை நீங்கள் ஒப்புக்கொள்ளவே இல்லை. முழங்காலளவு ஏறியபோது, “மலையடிவாரத்து ஊரு, செவுரு ஜில்லுனுதான் இருக்கும்” என்றீர்கள். இடுப்பளவு ஏறியதும் நடையாய் நடந்து, பர்மிட்டில் இரண்டு மூட்டை சிமெண்ட் வாங்கிவந்து, ஈரத்தின் மேலேயே பூசவைத்தீர்கள். ஈரம் உள்ளே அடைபட்டு, சிமெண்டைத் தாண்டி நெஞ்சளவுக்குப் போயிற்று. அப்புறம் வருஷா வருஷம் கார்த்திகை தீபத்துக்கு முன்னால் சுண்ணாம்பு அடிப்பீர்கள். அடை மழையில் தீப நாள் வருவதற்குள் அது பொரிந்து நிற்கும்.

தீபத்துக்கு வரும் உறவுக்காரர்களிடம் சாயாதீங்க, சாயாதீங்க என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டுவிடும். பஸ்ஸில் நின்றே வந்தவர்கள் யார் கேட்பார்கள்? சாயங்காலம் கிளம்பும்போது நம் வீட்டு ஜனம் முழுக்க வெள்ளை முதுகோடு வரிசையாகத் தெருவில் போகும். வாத்தியார் வீட்டு விருந்தாளிகள் என்று ஊரே கண்டுபிடித்துவிடும்.

கீழ்பென்னாத்தூர் சித்தப்பா கூட்டத்தில் தொலைந்த தீபம் ஞாபகம் இருக்கிறதா? அவருக்குக் காது மந்தம். மைக்கில் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பயனில்லை. வேட்டி கட்டிய, வழுக்கைத் தலைப் பெரியவர் என்று நீங்கள் அடையாளம் சொன்னீர்கள்; கூட்டத்தில் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள். நான்தான் வெட்கத்தை விட்டு, பச்சைச் சால்வை, முதுகு பூராவும் சுண்ணாம்பு என்று சொல்லச் சொன்னேன். அரை மணியில் தேரடிப் பொரிக்காரர் ஒருவர் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். அன்றோடு என் வழக்கு தள்ளுபடி.

“செவுரு நல்லா இருந்திருந்தா சித்தப்பா கெடைச்சிருப்பாரா?” அதற்குப் பிறகு நான் வாயைத் திறந்தாலே இதைத்தான் கேட்டீர்கள்.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். சித்திரையில் ஏழுமலை மேஸ்திரியை வரவழைத்தேன். உள்பக்கம் செங்கல் தெரியக் கொத்தினார். வெளிப்பக்கம் அஸ்திவாரத்தை ஒட்டிக் கடப்பாரையைப் போட்டார், சேறாக வந்தது. குளிக்கும் தண்ணீர் உங்கள் வாழைக்குப் பாய வேண்டும் என்று நீங்களே மண்வெட்டியால் போட்டீர்களே ஒரு வாய்க்கால், அது சுவரை ஒட்டியே போயிருக்கிறது.

“மலை மேல பழி போடாதீங்கம்மா. வாழைக்கு வுட்ட தண்ணிதான் செவுத்துல ஏறிக் குந்தியிருக்கு” என்றார் மேஸ்திரி.

எனக்கு வந்த சிரிப்பில் அவர் பயந்துபோனார். அந்த வாழையில் அணில் தின்றது போக மிஞ்சியதைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய் எல்லா வாத்தியாருக்கும் கொடுத்துப் பெருமையடிப்பீர்களே!

வாய்க்காலை அந்தப் பக்கம் திருப்பினோம். செங்கல்லில் பூத்திருந்த உப்பைத் தேய்த்து உதிர்த்து, ஆவணிவரை காயவிட்டு, சுண்ணாம்பும் மணலும் கலந்து பூசியாயிற்று. கையால் தேய்த்துப் பார்த்தால் ஒன்றும் ஒட்டவில்லை. இத்தனை வருஷச் சண்டையில் ஜெயித்துவிட்டேன், தோற்க வேண்டிய ஆள்தான் ஊரில் இல்லை.

ஒரு நாலடி மட்டும் பாக்கி. நீங்கள் சாய்ந்து பேப்பர் படிக்கும் இடம். மேஸ்திரி அங்கே உளியை வைத்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

“அத வுட்டா பழைய உப்பு புதுப் பூச்சுக்கும் ஏறும்மா” என்றார். அவர் சொல்வது சரி என்று எனக்கும் தெரியும். ஆனால் கொத்தச் சொல்ல வாய் வரவில்லை.

வகுப்பில் முன்பக்கம் சாக்பீஸ் தூள் ஒட்டுவது போதாதென்று, வீட்டிலிருந்தே பின்பக்கம் சுண்ணாம்போடு கிளம்புவீர்கள். தினமும் வாசலில் நிறுத்தி முதுகைத் தட்டிவிடுவேன். ஊர் பார்க்க நான் உங்களைத் தொட்டது அது ஒன்றுதான். சண்டை போட்ட நாளில் இரண்டு தட்டு பலமாகவே விழும். நீங்களும் திரும்பிப் பார்க்காமல் நின்று வாங்கிக்கொள்வீர்கள். காலையில் ஒன்பது மணியானால் இன்னமும் நான் வாசலுக்கு வந்து நிற்கிறேன். எதற்கு வந்தோம் என்று யோசித்துவிட்டு உள்ளே போய்விடுகிறேன்.

போன வருஷத் தீபத்துக்கு யாரையும் கூப்பிடவில்லை. இந்த வருஷம் எல்லாரும் வருகிறார்கள். உங்கள் இடத்தைத் தவிர இனி யாரும் எங்கே வேண்டுமானாலும் சாயலாம். அந்த நாலடியையும் தீபத்துக்கு மறுநாள் கொத்திவிடுகிறேன், இது சத்தியம். மேஸ்திரியிடமும் நாள் சொல்லிவிட்டேன். அதற்கு முன்னால் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. தீபத்தன்று சாயங்காலம் அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டு, உங்கள் இடத்தில் நன்றாக அழுத்திச் சாய்ந்துவிட்டுத்தான் தெருவில் இறங்குவேன். யார் தட்டிவிட வந்தாலும் விடமாட்டேன். அவ்வளவு கூட்டத்தில் மேலேயிருந்து பார்த்தால் எல்லாத் தலையும் ஒன்றுபோலத்தான் தெரியும். நீங்கள் ஒவ்வொரு முதுகாகப் பார்த்துக்கொண்டே வாருங்கள். நான் கிடைப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் முதுகைத் தட்டிவிட்ட மனைவி,
காமாட்சி