நீ ஓட்டிப் பார்க்காத நிரல்

இன்று காலை அலுவலகத்தில் என் திரையில் ஒரு பிழைச் செய்தி வந்தது. இனிஷியலைசருக்கு ஒரு மதிப்பு குறைகிறதாம். கொழும்பில் ஏழாம் மாடியில் உட்கார்ந்திருந்த எனக்கு உன் பழைய முனகல் கேட்டது. "பொறக்கும்போதே எல்லாத்தையும் கேக்குதுடி இது."

அப்போது நமக்கு ஹட்டனில் ஞாயிற்றுக்கிழமை கணினி வகுப்பு. நம் இருவருக்கும் ஒரே கணினி. நிரலில் ஓர் ஆளையோ பொருளையோ குறிக்கும் ஆப்ஜெக்ட் உருவாகும்போதே அதற்கு வேண்டிய தொடக்க மதிப்புகளை வைக்கும் பகுதிதான் இனிஷியலைசர் என்பது மூன்று வாரமாகியும் எனக்குப் புரியவில்லை. ஊர் திரும்பும் லிந்துலை பஸ்ஸில் நின்றுகொண்டே நீதான் சொன்னாய்: "தோட்டத்துல புதுசா ஒரு ஆளப் பதியிறப்ப பேரு, வயசு, எந்த லயத்து வீடுன்னு கேப்பாங்கல்ல. அதுதான். கேட்டதக் குடுக்காட்டி ஆளே உருவாகாது."

அடுத்த பாடத்தில் நீ மாட்டிக்கொண்டாய். ஒரு தொழிலாளியை ஆப்ஜெக்டாக எழுதி, அதை ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் நிரல் துண்டான ஃபங்ஷனுக்குக் கொடுத்தாய். அந்த ஃபங்ஷன் தனக்குள்ளே பெயரை மாற்றியது. வெளியே வந்து பார்த்தால் உன் தொழிலாளியின் பெயரும் மாறியிருந்தது. "நகலத்தான் அனுப்புறேன்னு நெனச்சேன். அந்த ஆளையே அனுப்பியிருக்கேன்" என்றாய். அன்று முழுக்க அதையே சொல்லிச் சிரித்தாய்.

அந்த மாதமே உன் அம்மா தேயிலை மலைச்சரிவில் கொழுந்து எடுக்கும்போது விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். தோட்டம் கொடுத்த லயத்து அறையான உங்கள் காம்பராவின் வாசலில் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வந்து நின்றார். "காம்பராவுக்கு ஒரு ஆளு வேலைக்கு வரணும் புள்ள. இல்லாட்டி தோட்டத்துத் தொரை காலி பண்ணச் சொல்லிருவாரு." தங்கை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். கொழுந்தெடுக்க நீ பெயர் கொடுத்தாய். எனக்குக் கொழும்பில் வேலை கிடைத்ததும் அதே வாரந்தான். நீயும் வா என்றேன்.

"அம்மாவ எங்கடி வைக்கிறது? ஒரு வருஷம். தங்கச்சி பரீட்ச முடியட்டும்."

நான் வற்புறுத்தவில்லை. என் பையைக் கட்டும் அவசரத்தில் இருந்தேன்.

ஒரு வருஷம் மூன்றாயிற்று. தங்கை பரீட்சை எழுதி முடித்தாள். அம்மா எழுந்து நடக்கவில்லை. பகல் சாப்பாட்டு நேரத்தில் நீ மலையிலிருந்து பேசுவாய். சந்தேகங்களைப் போனில் கேட்பாய், நிரலைக் கொப்பியில் எழுதுவாய். "ஓட்டிப் பாக்க மெஷின் இல்ல. மனசுலதான் ஓட்டுறேன்" என்பாய். பிறகு ஒரு நாள் நீங்கள் கொழுந்து எடுத்த இடத்தில் குளவிக்கூடு கலைந்தது. குளவிகள் எட்டுப் பேரைக் கொட்டின. ஆஸ்பத்திரியிலிருந்து ஏழு பேர் திரும்பி வந்தார்கள்.

உன் கருமாதியன்று அம்மா படுத்தபடியே அந்தக் கொப்பியை நீட்டினார். "எனக்கு வாசிக்கத் தெரியாது. என்னா எழுதியிருக்கான்னு நீயே பாரு."

கடைசிப் பக்கத்தில் உங்கள் காம்பராவை ஓர் ஆப்ஜெக்டாக எழுதியிருந்தாய். தொடக்கத்தில் அதற்கு மூன்று பெயர்களைக் கொடுத்திருந்தாய்: அம்மா, தங்கை, நீ. அந்த அறையைக் 'கிளம்பு' என்ற ஃபங்ஷனுக்கு அனுப்பியிருந்தாய். உன் பெயரை மட்டும் அதிலிருந்து எடுத்துவிடுவதுதான் அந்த ஃபங்ஷனின் வேலை.

கொழும்புக்குத் திரும்பி, ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் அதைக் கணினியில் அடித்தேன். முதல் தடவையே ஓடியது. நீ புரிந்துகொண்டிருந்தபடியே, மாறியது நகல் அல்ல, அந்த அறையேதான். திரையில் அம்மா, தங்கை என்று இரண்டு பெயர்கள் வந்தன.

இப்போது அந்தக் காம்பராவுக்காகக் கொழுந்தெடுக்கப் போகிறவள் உன் தங்கை.

நிரல் என் கணினியில் இருக்கிறது. அழிக்க மனம் வரவில்லை. மறுபடி ஓட்டவும் இல்லை.