மூன்றாம் ஓலைக்கு முன்

1934 ஜனவரி 14, ஞாயிறு

பனி. அம்மாவுக்கு இருமல். பூசையில் முதல் ஓலை (கலியாண அறிவிப்பு) வாசித்தார்கள். ரயில்வே ஆபீஸ் சவரிமுத்துவுக்கும் இந்தப் பங்கு ரீத்தாளுக்கும் (நான்தான்) கலியாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லவும். இன்னும் இரண்டு ஞாயிறு இப்படி. பிப்ரவரி 5 கலியாணம். அதை விட்டால் தவசுகாலம், ஏப்ரலில் பாஸ்குத் திருநாள் வரை தாலி கட்ட முடியாது. பத்தாம் தேதி அவர் குண்டக்கலில் வேலையில் சேர வேண்டும்; கூடவே நானும். என் பி.ஏ. பரீட்சை மார்ச்சில்.

தடை தெரிந்த ஒரே ஆள் பெண்கள் பக்கம் நாலாம் வரிசையில் முக்காட்டோடு.

16, செவ்வாய்

படிப்பை நிறுத்தப்போவதை பி. அம்மாளிடம் (பிரின்சிபால்) சொன்னேன். திட்டுவார் என்று பயந்தது வீண். எந்த வருஷம் வேண்டுமானாலும் திரும்பி வா, இடம் உண்டு என்றார். டிராமில் வீடு வரும்வரை நிம்மதி. லஸ்ஸில் ஊசி, வெள்ளை நூல் வாங்கினேன். ரவிக்கைத் துணி மறந்தேன்.

17, புதன்

திரும்பி வந்தவர் ஒருவர் என் பெஞ்சிலேயே இருக்கிறார். அலமேலு மாமி, மயிலாப்பூர், வயது 36. இண்டர் பரீட்சைக்கு முன் நின்றவர். டிபன் வேளையில் கேட்டேன்.

"மச்சினிக்குப் பிரசவம், ஆத்துல ஆள் இல்லே, ரெண்டே மாசம்னா. லைப்ரரி புஸ்தகத்தைக்கூடத் திருப்பித் தரலே. திரும்பி வரப் பதினஞ்சு வருஷம் ஆச்சு. இப்போ மார்ச்சுல ஒரே ஆத்துல ரெண்டு பரீட்சை. பையன் இண்டர், நான் பி.ஏ."

வந்தது நல்லதுதானே மாமி என்றேன்.

"நல்லதுதான். மத்தியானம் கண்ணு சொக்கறது, அதான்."

பிற்பகல் வகுப்பில் மாமி தூங்கிவிட்டார். நோட்ஸ் இரண்டு பிரதி எழுதினேன்.

19, வெள்ளி

போனால்: அப்பாவின் வாக்கு. நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கும் பிடித்திருக்கிறது (இதை இங்கே மட்டும் எழுதலாம்). ஓலை வாசித்த பிறகு நின்றுபோன பெண் என்ற பேர் வராது.

இருந்தால்: இரண்டு மாதம். இரண்டே மாதம்.

அம்மாவிடம் பாஸ்குவுக்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாமே என்றேன். "ஓலை வாசிச்சாச்சு. இனி வாயைத் திறக்காத." அப்பா பேப்பரைத் திருப்பினார்.

21, ஞாயிறு

இரண்டாம் ஓலை. கோயில் வாசலில் அவர், அவருடைய அம்மா கொஞ்சம் தள்ளி. "குண்டக்கல்ல பொம்பளைங்க காலேஜ் இல்லீங்க. விசாரிச்சேன்." நான் தலையாட்டினேன். விசாரித்திருக்கிறாரே. வீட்டுக்கு வந்து அழுதேன்.

22, திங்கள்

நொச்சிக்குப்பத்து மீன்காரி: "இன்னாம்மா, கண்ணாலமாமே. இன்னும் பொஸ்தவம் தூக்கிக்கினு போறியே." வஞ்சிரம் இல்லை. கிழங்கான் வாங்கினோம்.

எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றால் எப்போது? யாருக்குப் பிரசவம், யாருக்குக் காய்ச்சல், எனக்கே எத்தனை பிள்ளைகள். வர முடியாது என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதுதான் பயமாக இருக்கிறது.

27, சனி

நாளை மூன்றாம் ஓலை. அதற்கு முன் மாப்பிள்ளையும் பெண்ணும் பங்குச் சாமியாரிடம் செப மந்திரம் ஒப்பிக்க வேண்டும். தப்பினால் ஓலை நிற்கும். யாரும் தப்பியதில்லை. ஆறு வயதில் நெட்டுருப் போட்டது.

மாலை நாலு மணி. சாமியார் மேஜைக்குப் பின்னால். இரண்டு அம்மாக்களும் வெளியே வராந்தாவில். முதலில் நான். பரமண்டல மந்திரம் சரி. பத்துக் கற்பனை சரி. விசுவாச மந்திரத்தில் பாதியில் நின்றேன்.

மறக்கவில்லை. நிறுத்தினேன். போகும்போது அப்படி எண்ணமே இல்லை. அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்ல வேண்டும், அதுவும் அதே சாமியாரிடம்.

"பி.ஏ. படிக்கிற பொண்ணு. மறுபடி சொல்லும்மா."

"வரலை சாமி."

சாமியார் அவரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார், கொஞ்ச நேரம். பிறகு ஆரம்பித்தார். ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிற மனிதர். நான் நின்ற அதே வார்த்தையில் நின்றார்.

"எனக்கும் வரலை சாமி."

சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "தவசுகாலம் முழுக்கப் படிங்க ரெண்டு பேரும். பாஸ்கு முடிஞ்சு வாங்க, கேக்கறேன்." வெளியே அவருடைய அம்மா தலையில் அடித்துக்கொண்டார். என் அம்மா விடுவிடென்று முன்னால் நடந்தார்.

படி இறங்கும்போது அவர், என் பக்கம் திரும்பாமலே, "பரீட்சைல மட்டும் இப்படி மறந்துடாதீங்க" என்றார்.