குதிரையை விரட்டிய வீடு

அன்பு மகள் ஹெலெத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே மழை, சேறு, ஆடுகள், உன் அப்பா எல்லாம் வழக்கம்போல். என் முழங்கால் வலி தேவலை. நியூசிலாந்தில் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் வேலை முதுகை ஒடிக்கிறது என்று எழுதியிருந்தாய். கொஞ்சம் ஓய்வெடு.

பழைய காலண்டர்ப்படி ஜனவரி நடுவில் வரும் புத்தாண்டுக்கு நம் ஊரில் மறுபடியும் மாரி லுவிட் குதிரை வீடு வீடாகப் புறப்பட்டது. பள்ளிக்கூடத்து டெலித் டீச்சர்தான் இதை மீண்டும் ஆரம்பித்து வைத்தாள் என்பது உனக்குத் தெரியும். குதிரை மண்டையோட்டுக்குப் பச்சைப் பாட்டிலின் அடிப்பாகத்தைக் கண்ணாக வைத்து, ரிப்பன் கட்டி, வெள்ளைத் துணி போர்த்தியிருந்தாள். வெளியூரிலிருந்தும் நிறையப் பேர் வந்திருந்தார்கள். அவர்களுக்காக நம் வாசலில் நின்று சத்தமாகச் சொன்னாள்: "குதிரை வெளிய நின்னு பாடும், வீட்டுக்காரர் உள்ள இருந்து பதில் பாடுவார். கடைசில வீட்டுக்காரர்தான் தோக்கணும். கதவத் திறந்து சாப்பாடு போடணும். அதான் வருசத்துக்கு நல்லது."

நான் திராட்சை அப்பம் சுட்டு, ஆப்பிளும் கிராம்பும் போட்டு பீர் காய்ச்சி வைத்திருந்தேன். துணிக்குள் யார் இருக்கிறார்கள் என்று எனக்கு முன்பே தெரியும். உன் தம்பி இவான்தான். நம் ஆடுகள் மேயும் மலையில் காற்றாலை நடும் கம்பெனியில் அவன் சேர்ந்த நாளிலிருந்து அப்பாவும் அவனும் பேசுவதில்லையே. மருமகள் பெக்காவுக்கு ஏப்ரலில் குழந்தை பிறக்கப்போகிறது. பாட்டுச் சாக்கிலாவது அப்பா கதவைத் திறக்கட்டும் என்று வந்திருந்தான், பாவம்.

டெலித் பாடினாள். உன் அப்பாவுக்கா பதில் தெரியாது?

"பல்லுப் போன குதிரைக்குப் பலகாரம் எதுக்கு?
புல்லுக் கட்டு மேட்டுல இருக்கு, போய் மேயி அதுக்கு!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. டெலித் திருப்பிக் கொடுத்தாள். இவரும் விடவில்லை. பிறகு ஜன்னல் வழியாகக் குதிரையின் காலைப் பார்த்துவிட்டார். இவானுக்கு அவர் வாங்கிக்கொடுத்த பூட்ஸ்! முகம் சிவந்துபோயிற்று.

"மலையை வித்துத் தின்ன குதிரை வாசல் வந்து நிக்குது,
தலையை ஆட்டிக் கேட்டாலும் தாழ்ப்பா இங்க சிக்குது!"

யாரும் சிரிக்கவில்லை. டக்கு டக்கென்று அடித்துக்கொண்டிருந்த குதிரைத் தாடை நின்றுபோயிற்று. குதிரை திரும்பி நடந்தது. நம் ஊரில் மாரியை எந்த வீடாவது விரட்டியதுண்டா? பக்கத்து வீட்டு மெய்ரிக் உன் அப்பாவைப் பார்த்து, "இட்வால், இது வீட்டுக்கு ஆகாதுப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அப்பத் தட்டை உன் அப்பா முன்னால் டொக்கென்று வைத்தேன். "ஜெயிச்சாச்சில்ல? அத்தனையும் நீங்களே தின்னுங்க. பேரப்பிள்ளை பொறந்தா அதுக்கும் ஒரு பாட்டுக் கட்டி விரட்டிடுங்க" என்றேன். ஒரு அப்பத்தை எடுத்தார், தின்னாமல் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தொப்பியை மாட்டி, தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "வர்றியா, இல்லையா?" என்றார். நானும் சால்வையைப் போர்த்திக்கொண்டு கிளம்பினேன்.

இவான் வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டினார். தட்டிவிட்டுப் பாடினார்! குளிருது, கிழவன் வந்திருக்கேன், கதவத் திறங்க என்று குதிரை பாடவேண்டிய பாட்டை. உள்ளேயிருந்து பெக்கா பதில் பாடினாள். வகுப்புக்குப் போய் நம் மொழியைக் கற்றுக்கொண்டிருக்கிறாள்; தப்பும் தவறுமாக, ஆனால் விடாமல் பாடினாள். அப்புறம் இவான் குரல் வந்தது.

"தாழ்ப்பா சிக்குன வீட்டுக்காரர் தட்டோட வந்தாராம்,
வாழ்த்த வந்த குதிரையைத்தான் வாசல்ல கொன்னாராம்!"

உன் அப்பா வாயைத் திறந்தார். மூடினார். "எனக்குப் பாட்டு வரலடா" என்றார். ஹெலெத், அவருக்கா பாட்டு வராது? ஆனால் வெளியே நிற்பவர் தோற்றால் திரும்பிப் போகவேண்டும், அதுதான் முறை. தட்டைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பினார். அந்தப் பிடிவாதக்காரர் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

அப்போது கதவு திறந்தது. குதிரை மண்டையோடு நீண்டு வந்து அவர் கோட்டுக் கையைக் கவ்விக்கொண்டு உள்ளே இழுத்தது. துணிக்குள்ளிருந்து பெக்கா, "முறையெல்லாம் டெலித்கிட்ட சொல்லுங்க மாமா. கதவ மூடணும், குளிருது!" என்று அதட்டினாள். இவான் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டான். நான் சுட்ட அப்பத்தைத் தின்றுவிட்டு, கல்லு மாதிரி இருக்கிறது என்று அப்பனும் பிள்ளையும் சேர்ந்து குறை சொன்னார்கள். சொல்லட்டும்.

காற்றாலைப் பேச்சு எழவில்லை. எழும், சண்டையும் வரும். ஆனால் பேசுவார்கள்.

நீயும் தம்பிக்காகக் கோபித்துக்கொண்டு அப்பாவோடு பேசாமல் இருக்கிறாய். மன்னிப்புக் கேட்டால்தான் பேசுவேன் என்றாய். அவருக்கு அது தெரியாது, கண்ணே. தெரிந்ததெல்லாம் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலில் போய் நிற்பதுதான். உன் வாசல் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போன் செய். அவரே எடுப்பார், எடுத்ததும் ஏதாவது கிண்டலாகப் பாடுவார். உனக்கும் பதில் பாடத் தெரியும் என்று எனக்குத் தெரியும். இந்த ஒரு தடவை தோற்றுப் போ.

நல்லா இரு, நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அம்மா,
நெஸ்டா