பாலத்திலிருந்து பாறை வரை

13 மே 2022, வெள்ளி

இந்தக் குறிப்பேட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்கு வெட்கம் தருவதையும்.

ஜும்ஆ தொழுகை முடிந்து ஊரே ஆற்றங்கரைக்குப் போனது. குர்ஆனின் யாசீன் அத்தியாயம் ஓதினோம். இனி ஓராண்டு, தொங்கு பாலத்திலிருந்து பெரிய பாறை வரை யாரும் மீன் பிடிக்கக் கூடாது. மீறித் தின்றால் வயிறு வீங்கும் என்பது ஊர்ப்பேச்சு. அடுத்த நோன்புப் பெருநாள் கழிந்து திறக்கும்போது, வலை வாங்க வழியில்லாத வீடுகளுக்கு முதல் பங்கு. பிறகுதான் வெளியூராருக்கு மீன்பிடிச் சீட்டு விற்பார்கள். சீட்டுப் பணத்தில் தகப்பனில்லாத பிள்ளைகள் படிப்பார்கள். நானும் தகப்பனில்லாதவள். எனக்குப் பாடாங் நகரத்து விடுதிப் பள்ளியில் படிக்க ஆசை.

“ஆறு அமானிதம்பா, இறைவன் நம்மகிட்ட ஒப்படைச்சது. வாடகைக்கு இருக்கிறவன் வீட்டை இடிக்கலாமா?” என்றார் இமாம் பக்தியார்.

ஜுஃப்ரி மாமா மட்டும் வரவில்லை. அப்பா இறந்தபின் எங்களைத் தாங்குவது அவர்தான். பேட்டரி மின்சாரத்தை ஆற்றில் விட்டு மீன் பிடிக்கிறார். எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறப்பதில்லை.

21 மே, சனி

பாறை ஓரம் குஞ்சு மீன்கள் செத்து மிதந்தன. துணி துவைத்த எல்ஃபா அக்கா என்னைப் பார்த்து, “உங்க மாமா வயிறு நல்லாத்தானே இருக்கு, யுஸ்னியார்?” என்றாள். 

5 ஜூன், ஞாயிறு

எழுதியே ஆகவேண்டும். பாலத்தடியில் அடிப்பிடித்த சோற்றுப் பானையை ஆற்றில் ஊறவைத்திருந்தேன். பருக்கை தின்ன ஒரு காரிங் மீன் உள்ளே புகுந்தது. நான் பிடிக்கவில்லையே, அதுவே வந்தது. அப்படியானால் தடை பொருந்தாது என்று நீதிபதி மாதிரி வாதாடிக்கொண்டு எடுத்து வந்தேன். அம்மாவிடம் சந்தை மீன் என்றேன். பொய். மஞ்சளும் தேங்காய்ப்பாலும் விட்டு ஆக்கினாள். ருசியாக இருந்தது, அதுதான் கொடுமை.

இப்போது வயிறு... வீங்கியிருக்கிறதா? நாடாவால் அளந்தேன். தெரியவில்லை.

10 ஜூன், வெள்ளி

தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் பெண்கள் பக்கமிருந்து எழுந்து சொல்லிவிட்டேன். முதலில் சிரிப்பு. இமாம் சிரிக்கவில்லை. “தானா வந்த மீன், பானையைக் கவுத்திருந்தா தானாவே போயிருக்கும்மா. கரையில பத்து மரக்கன்னு நடு.”

அப்புறம் ஆண்கள் பக்கம் இருந்த மாமாவை யாருமே பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது என்று முடிவெடுத்த மாதிரி. அவர் எழுந்து போனார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தார்.

“ஊர் முன்னால என்னைக் குத்திக் காட்டுறியா?”

“என் மீனைத்தான் சொன்னேன் மாமா.”

“நான் யாருக்காகப் பிடிக்கிறேன்? உன்னைப் பாடாங் அனுப்பத்தானே?”

“ஆத்தைக் கொன்ன காசுல நான் படிக்க மாட்டேன்.”

 அம்மா அவருக்குச் சோறு போட்டு வைத்தாள். “தங்கச்சி வீட்ல உனக்கு என்னைக்கும் சோறு உண்டுண்ணே. அந்த மீன் இனி வேணாம்.”

சாப்பிடாமலே போய்விட்டார்.

12 ஜூன், ஞாயிறு

கன்றுகளோடு கரைக்குப் போனேன். ஏற்கெனவே பத்துக் குழி வெட்டியிருந்தது. பதினோராவதை மாமா வெட்டிக்கொண்டிருந்தார். “இது எனக்கு,” என்றார்.

17 ஜூன்

தொழுகை நேரத்தில் மின்சாரம் போனது. ஆனாலும் பாங்கு ஒலித்தது! ஒலிபெருக்கிக்கு இப்போது மாமா மீன் பிடித்த அதே பேட்டரி.

8 நவம்பர்

வெள்ளம். கரை நிற்கிறது. கன்றுகளில் எட்டு பிழைத்தன.

30 ஏப்ரல் 2023, ஞாயிறு

திறந்தார்கள். தண்ணீரே கறுத்துத் தெரிந்தது, அவ்வளவு மீன். முழ நீளத்தில் ஒன்றைக் கண்டேன். சீட்டு வாங்கிய வெளியூர்க்காரர்கள் முண்டியடித்தார்கள். கன்று நட்ட நாளிலிருந்து ஆற்றுக்குக் காவல் இருந்த மாமா குறுக்கே நின்றார்: “இருங்கய்யா. வலை இல்லாத வீட்டுக்கு முதல்ல.” பதினாறு வீட்டுக்கும் அவரே வலை வீசிக் கொடுத்தார். எல்ஃபா அக்கா கூடை கொள்ளாமல் முந்தானையிலும் ஏந்தினாள். “இந்த மீனைத் தின்னா வயிறு வீங்கத்தான் போவுது,” என்று மாமாவிடம் சிரித்தாள்.

படிக்கப் போகிறவர்களின் பெயரை இமாம் வாசித்தார். நான்காவது நான். அம்மா அழுதாள். மாமா மூக்கைச் சிந்திவிட்டு ஜலதோஷம் என்றார்.

16 ஜூலை, ஞாயிறு, பாடாங்

விடுதியில் முதல் நாள். பக்கத்துக் கட்டில் பெண், “உன்னை யாரு படிக்க வைக்கிறாங்க?” என்று கேட்டாள்.

“எங்க ஆறு,” என்றேன். நம்பவில்லை. கதையைப் பாலத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன், இன்னும் பாறைக்கு வரவில்லை, அதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள்.