ஃபியூரியஸ் என்றால் அன்றே

மார்ச் 4, செவ்வாய்

இன்று முதல் நான் சட்டம் இயற்றியவன். லிஃப்ட் கம்பெனியின் புகார்ப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டியதற்கு இன்றுதான் பலன். வருகிற கடிதமெல்லாம் ஆங்கிலத்தில் எரிச்சலைக் கக்குகிறது, யாரை முதலில் கவனிப்பது என்று மேனேஜர் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். "உங்களுக்குத்தான் இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடாச்சே, ஒரு அட்டவணை போட்டுக் குடுங்களேன்" என்றார். போட்டேன். உலகம் தோன்றிய நாள் முதல் மனிதகுலம் ஏங்கிக் கிடந்த அட்டவணை.

அனாய்ட் என்றால் மூக்கில் ஈ உட்கார்ந்த நிலை. ஏழு நாளில் மெக்கானிக் போனால் போதும். இரிட்டேட்டட் என்றால் விரட்டிய ஈ திரும்பி வந்த நிலை, ஐந்து நாள். ஃப்ரஸ்ட்ரேட்டட் கொஞ்சம் நுட்பமானது. ஈயை அடிக்கப் போய்த் தன் மூக்கிலேயே அறைந்துகொண்ட நிலை. கோபத்தைவிடக் கையாலாகாத்தனம் அதிகம். மூன்று நாள். ஃபியூரியஸ் என்றால் வீட்டையே கொளுத்தத் தீப்பெட்டி தேடும் நிலை. அன்றே.

இந்த நான்கும் இல்லாத கடிதம் 'மற்றவை' தட்டுக்குப் போகும். அவசரமில்லாத ஜனங்கள்.

மார்ச் 6, வியாழன்

ஒருவர் 'ஐ ஆம் வெரி அனாயிங்' என்று எழுதியிருந்தார். மறுப்பதற்கில்லை. ஏழு நாள்.

மார்ச் 10, திங்கள்

ஒரு துணிக்கடை முதலாளி ஃபியூரியஸ் என்று மூன்று இடத்தில் எழுதி, மூன்றையும் அடிக்கோடிட்டிருந்தார். மெக்கானிக் பறந்தான். போன வேகத்தில் திரும்பி வந்து என் மேசை முன் நின்றான்.

"ஏண்ணே, லிஃப்ட் கண்ணாடியில கைரேகை பட்டிருக்குன்னு தொடைக்கவா என்னை அனுப்புனீங்க?"

சட்டம் சட்டம்தான் என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வை எந்த மொழியின் அகராதியிலும் இல்லை.

மார்ச் 13, வியாழன்

அத்தானுக்குப் போன மாதக் கடைசியில் முட்டி ஆபரேஷன். ஒன்றாம் தேதி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, லிஃப்டில் ராஜா மாதிரி ஐந்தாவது மாடி வீட்டுக்குப் போனார். மறுநாளே லிஃப்ட் படுத்துவிட்டது. எங்கள் கம்பெனி லிஃப்ட். இத்தனை நாளும் சரியாகியிருக்கும் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று அக்காவுக்குப் போன் போட்டால், அத்தான் முட்டி மடக்கும் பயிற்சிக்கே போகவில்லையாம். ஆறு வாரத்துக்குள் மடக்கிப் பழக்காவிட்டால் முட்டி இறுகிப்போகும், அப்புறம் ஆண்டவனே வந்தாலும் மடங்காது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பயிற்சி கொடுக்கிறவர்கள் வீட்டுக்கு வரமாட்டார்கள்.

"என்கிட்ட ஏங்கா சொல்லலை?"

"உன் வேலைக்குத் தொந்தரவு எதுக்குன்னுதான். முறைப்படி லெட்டர் போட்டுட்டேனே, போன வாரமே."

தேடினேன். 'மற்றவை' தட்டில் அடியில் கிடந்தது. முப்பது வருடம் டைப்பிஸ்டாக இருந்தவளின் கடிதம், ஒரு எழுத்துப் பிசகில்லை. 'சம் இன்கன்வீனியன்ஸ்' ஏற்பட்டிருக்கிறதாம். எங்களுக்கு நேரம் கிடைக்கும்போது பார்க்கலாமாம்.

எட்டு நாள்.

சொந்தக்காரர் புகாரை நாங்கள் தொடக்கூடாது. எதிர் மேசை அம்மாதான் பார்க்கவேண்டும். நாங்கள் அவரை முத்திரை என்போம். அவர் முத்திரை குத்தினால்தான் மெக்கானிக் நகர்வான். "உங்க அட்டவணையிலதான் சார் பார்த்தேன், அந்த வார்த்தை இல்லையே" என்றார். நியாயம்தானே. நானல்லவா எழுதினேன்.

மார்ச் 14, வெள்ளி

"அக்கா, ஃபியூரியஸ்னு ஒரே ஒரு வார்த்தை. மறுபடி எழுதி அனுப்பு."

"சீ, அதெல்லாம் ஒரு லெட்டர்ல எழுதுற வார்த்தையாடா? பொம்பளை சண்டைக்கு நிக்கிறான்னு நினைப்பாங்க."

"சரி, ஃப்ரஸ்ட்ரேட்டட்?"

"அது விரக்தி இல்ல? நான் என்ன விரக்தியிலயா இருக்கேன்? சோறாக்கி வச்சிருக்கேன், வந்து சாப்பிட்டுட்டுப் போ."

நூற்றிரண்டு படி. ஏறினேன், சாப்பிட்டேன், இறங்கினேன்.

மார்ச் 15, சனி

நானும் காவலாளியும் அத்தானை நாற்காலியோடு தூக்கினோம். அத்தான் தொண்ணூற்றாறு கிலோ. ஏழாவது படியில் என் முதுகு ராஜினாமா கடிதம் கொடுத்தது. திருப்பி ஏற்றினோம். "விடு மாப்ளே, வீட்டுலயே மடக்கிப் பார்க்குறேன்" என்றார். மடக்கினார். பல்லைக் கடித்த சத்தம் எனக்குக் கேட்டது.

மார்ச் 17, திங்கள்

அக்கா பெயரில் நானே ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். ஃபியூரியஸ் பதினொரு தடவை. படித்தால் எரிமலை வெட்கப்பட்டு அணைந்துபோகும்.

மார்ச் 18, செவ்வாய்

முத்திரை மெக்கானிக்கை அனுப்பும் சீட்டை எழுதிவிட்டு, முகவரி சரிதானா என்று அக்காவுக்குப் போன் போட்டிருக்கிறார். அக்கா, "நான் அப்படியெல்லாம் எழுதவே இல்லைங்க, ஏதோ தப்பு நடந்திருக்கு, மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டாள்.

சீட்டு கிழிந்தது.

"லெட்டர்ல தீப்பெட்டியைப் பத்தி வருது சார்" என்றார் முத்திரை, என்னைப் பார்க்காமலே. "தீப்பெட்டி எழுதுற ஆளு எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர்தான்."

மார்ச் 19, புதன்

எழுத ஒன்றுமில்லை. என்ன மனுஷன்டா நான்?

மார்ச் 20, வியாழன்

மேனேஜரிடம் போனேன். அக்கா பெயரில் வந்த ஃபியூரியஸ் கடிதத்தை நானே எழுதினேன் என்றேன். அட்டவணை தப்பு என்றேன்.

"நீங்க போட்டதுதானே?"

"போட்டவன் முட்டாள் சார்."

"உங்க வீட்டு லிஃப்ட் நிக்கிற வரைக்கும் அது தப்பாத் தெரியலையா?"

'மற்றவை' தட்டைக் கொண்டுபோய் அவர் மேசையில் கவிழ்த்தேன். நாற்பத்து மூன்று கடிதம். அவர் கைக்கு வந்த ஒன்றை எடுத்துப் படித்தார். ஒன்பதாவது மாடி, சக்கர நாற்காலி, 'வீ ஆர் சம்ஹவ் மேனேஜிங், தேங்க் யூ.' இரண்டாவது தடவையும் படித்தார்.

"எல்லாருக்கும் போன் போடுங்க. என்ன வார்த்தைன்னு பார்க்காதீங்க, கீழ இறங்க முடியாம யார் இருக்காங்கன்னு கேளுங்க. உங்க அக்கா வீட்டுக்கும் லெட்டர் வந்த வரிசையிலதான் ஆள் போகும். அப்புறம், பொய்க் கடிதத்துக்கு மெமோ உண்டு."

மெமோவை வாங்கிக்கொண்டேன். முப்பத்தொரு பேரிடம் பேசினேன். பாதிப் பேர் முதலில் சொன்னது, "பரவாயில்லைங்க."

மார்ச் 24, திங்கள்

ஐந்தாவது மாடிக்கு லிஃப்ட் போனது. அத்தான் இறங்கினார். இருபத்திரண்டு நாள்.

ஏப்ரல் 9, புதன்

ஆறு வாரம் நாளை முடிகிறது. பயிற்சி அறையில் முட்டி எவ்வளவு மடங்குகிறது என்று அளந்து பார்த்தார்கள். எழுபது டிகிரி. நூற்றுப்பத்து வந்திருக்கவேண்டுமாம். இனி கொஞ்சம் கூடலாம், கூடாமலும் போகலாம்.

வெளியே பெஞ்சில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். நானே கேட்டேன்.

"என் மேல கோபமாக்கா?"

"கோபமெல்லாம் இல்லைடா." கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். "கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு. அவ்வளவுதான்."

உள்ளே அத்தானின் குதிகாலைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். எழுந்து போனேன். முட்டியை மடக்கிப் பிடித்துப் பத்து வரை எண்ணச் சொன்னார்கள். மெதுவாக எண்ணினேன்.