கண்மாய்க்குப் போன ஞாயிற்றுக்கிழமைகள்

அக்கா,

என் பாசிமாலை அறுந்துவிட்டது. வளையல் கடையில் நைலான் நரம்பு வாங்கிவந்து கோத்தேன். தறிவீட்டில் பழகிய கை, கடைசியில் தறி முடிச்சையே போட்டிருக்கிறது. இழுத்துப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு பாசியெல்லாம் தரையில் ஓடியது. பொறுக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்து சிரித்தேன். பிறகு உங்கள் நினைவு வந்தது, சிரிப்பு நின்றுவிட்டது.

அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டு ராஜபாளையத்தில் ஒரே வீட்டுக்குள் வந்து மாட்டியவர்கள் நாம். முன்கட்டில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள், பின்கட்டில் அடுப்படி, இரண்டுக்கும் நடுவில் மாமியார். தறி ஓடினால் நாம் பேச முடியாது. தறி நின்றால் அத்தை பேசுவார். விடிந்தால் அடைந்தால் நூலைத் தார்க்குச்சியில் சுற்றுவதுதான் நம் வேலை. நான் வந்த புதிதிலேயே என்னை எச்சரித்தீர்கள். "இந்த வீட்டுக்குள்ள காத்துகூட அத்தைட்ட கேட்டுட்டுத்தான் வரும்ட்டி." உங்களுக்கு அதற்குள் இரண்டு முறை கரு கலைந்திருந்தது. இரண்டு முறையும் கர்ப்பம் என்று தெரிந்ததுமே ஜன்னல் இல்லாத உள்ளறையில் மாதக்கணக்கில் படுக்க வைத்திருந்தார்களாம்.

எண்பதுகளின் நடுவில் என் வீட்டுக்காரருக்குத் திடீரென்று தூண்டில் ஆசை பிடித்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வழியில் ஒரு கண்மாய்; ஞாயிற்றுக்கிழமை தறிக்கு லீவு; அண்ணனும் தம்பியும் போவதாக ஏற்பாடு. "அப்ப அவியளுக்கு மத்தியானச் சோறு?" என்று ஒன்றும் தெரியாதவர் போல அத்தையிடம் கேட்டீர்களே, அந்த ஒரு கேள்வியில் நமக்கு டவுன் பஸ் கிடைத்தது, கண்மாய்க்கரை கிடைத்தது. தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் நீங்கள் சிரித்த சிரிப்பை வீட்டுக்குள் நான் பார்த்ததே இல்லை.

மீனைக் குத்தகைக்கு எடுத்தவரிடம் கேட்காமல் தூண்டில் நரம்பைத் தண்ணீரில் போடக் கூடாது என்று உங்கள் வீட்டுக்காரர் முதலில் போய்க் கேட்டார். "தூண்டில்தான, போட்டுக்கோங்க. வலையக் கொண்டாந்திராதிய. உள்ளங்கை அகலம் இல்லாத குஞ்சைத் திரும்ப விட்டுருங்க. அறுந்த நரம்பைக் கரையில போட்டுட்டுப் போனா கொக்கு காலுல சுத்திக்கிரும்" என்றார் அவர்.

முதல் மீன் என் வீட்டுக்காரர் தூண்டிலைத்தான் கடித்தது. இழுத்தார், முள் இல்லாமல் வெறும் நரம்பு வந்தது. அடுத்த முள்ளும் அப்படியே போனது. அறுந்த பருத்தி நூலை நாளெல்லாம் முடிகிற அதே முடிச்சை நைலானிலும் போட்டிருந்தார்கள், நான் இன்றைக்குப் போட்ட மாதிரியே. ஆண்கள் இருவரும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டிருக்க, உங்களுக்குத்தான் கோபம் வந்தது. "ஒங்களுக்கு ஒரு முள்ளு போச்சு. வாயில முள்ளோட அது எப்படித் திங்கும்?" நரம்பைப் பிடுங்கி எச்சில் தொட்டு, பூக்கட்டுகிற பக்குவத்தில் நாலைந்து சுற்றுச் சுற்றி இறுக்கினீர்கள். பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து முள் கட்டுவது உங்கள் பொறுப்பு. சாப்பிட்ட ஆண்கள் வேப்பமரத்தடியில் சாய்ந்ததும் தூண்டிலும் உங்கள் கைக்கு வந்துவிடும். "காதுக்குள்ள இருக்க தறிச்சத்தம் இப்பத்தாம்ட்டி எறங்குது" என்பீர்கள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான், தண்ணீரில் ஆடும் தூண்டில் மிதப்பைப் பார்த்தபடியே சொன்னீர்கள். "ரெண்டு மாசமாத் தள்ளிப் போயிருக்கு. வீட்டுல சொல்லிராத."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனை கோயிலுக்கு நேர்ந்துகொண்ட விஷயம்! ஏன் மறைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பிள்ளைத்தாச்சி புருசன் உசிரைக் கொல்லக் கூடாதும்பாவ. அவரு வரமாட்டாரு. அவரு வரலைன்னா சோறு எதுக்கு? சோறு இல்லைன்னா நாம எதுக்கு? பொறவு அந்த உள்ளறைதாம்ட்டி. தெரியிற வரைக்கும் வருவோம்."

சொல்லி வாய் மூடவில்லை, மிதப்பு அமிழ்ந்தது. நல்ல கெண்டை. விட்டுவிடலாமா என்றேன் நான், பயந்துபோய். "எதுக்கு? அளவு இருக்குல்ல? நான் பிடிச்சது. நாந்தான் திங்கப்போறேன்."

நம் வீட்டில் நடுத்துண்டு ஆண்களுக்கு, வால் மருமகள்களுக்கு. அன்று அத்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுத்துண்டை எடுத்து உங்கள் தட்டில் வைத்துக்கொண்டீர்கள். இரண்டு வாய்தான் சாப்பிட்டிருப்பீர்கள். எழுந்து கொல்லைப்புறம் ஓடிக் குமட்டினீர்கள். செம்பில் தண்ணீரோடு பின்னால் வந்த அத்தை உங்கள் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். அத்தோடு எல்லாம் தெரிந்துபோயிற்று.

மறுநாள் தூண்டில்களை விட்டத்தில் செருகிவிட்டார்கள். "கொல்லக் கூடாதுன்னுதான சொல்லுதிய அத்தை? பிடிச்சுட்டு விட்டுருதோம்" என்று நீங்கள் வாதாடிப் பார்த்தீர்கள்.

"முள்ளு குத்துனா அதுக்கு வலிக்காதா? அந்த வலி வயித்துப் பிள்ளைக்கு வரும்" என்றார் அத்தை. நீங்கள் உள்ளறைக்குப் போனீர்கள்.

பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. இப்போதாவது போகலாமா என்று கேட்டீர்கள். பால்குடி மறக்கட்டும் என்றார் அத்தை. பிள்ளை நடக்கட்டும் என்றார். ஒரு பையன் பிறக்கட்டும் என்றார். தொண்ணூறுகள் வந்தபோது ஆண்களுக்கும் தூண்டில் ஆசை விட்டுப்போயிருந்தது. நீங்களும் கேட்பதை நிறுத்திவிட்டீர்கள். அத்தையின் மேல் எனக்கு ஆத்திரம் இருந்தது, பல வருடம்.

அத்தையும் போய்ச் சேர்ந்தார். உங்கள் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தபோது, அவளைப் பார்க்க வந்த மாப்பிள்ளை கண்மாய்க்குத் தூண்டில் போடப் போகலாமே என்று ஆசையாகச் சொன்னார். "அதெல்லாம் வேண்டாம். முள்ளு குத்துத வலி பிள்ளைக்கு வரும்" என்று ஒரு குரல் வந்தது. திரும்பிப் பார்த்தேன். நீங்கள்.

அடுப்படியில் வைத்துக் கேட்டேன், நீங்களா அக்கா இப்படிச் சொல்கிறீர்கள் என்று. முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். "எனக்கு ரெண்டு போச்சுல்லட்டி. பயமா இருக்கு."

நீங்கள் கண்மூடிய பிறகு, போன மாதம், என் மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தது. முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை, மகன் தூண்டிலோடு அவளையும் கூட்டிக்கொண்டு கண்மாய்க்குக் கிளம்பி நின்றான். அத்தை சொன்ன, அப்புறம் நீங்கள் சொன்ன அந்த வார்த்தை என் வாய்வரை வந்தது.

"போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டேன், அக்கா. அவர்கள் வீடு திரும்பும்வரை எனக்கு ஒரு வாய்த் தண்ணீர் இறங்கவில்லை.