குழாயில் இறங்கும் சிவப்பு

மாப்ளே, போடியில் ஒரு லேப்பில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எதிரே மெல்லிய கண்ணாடிக் குழாய் ஒன்று நிற்கிறது. அதில் இருப்பது என் ரத்தம். சிவப்பு கீழே இறங்க இறங்க, மேலே வெளிர் மஞ்சளாகத் தெளிகிறது.

"ஒரு மணி நேரம் ஆகும்ணே. எவ்வளவு இறங்கியிருக்குன்னு அப்பத்தான் பாப்போம்" என்றது ரத்தம் எடுத்த பிள்ளை.

"வெரசா இறங்குனா நல்லதா?"

"இல்லண்ணே. உடம்புல ஏதாச்சும் இருந்தா ரத்த அணுவெல்லாம் ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிரும். கனம் கூடி வெரசா இறங்கும்."

கேட்டிருக்க வேண்டாம். அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

நாம் தேன் வாங்கிய காலத்தில் இப்படித்தானே பார்ப்போம். நெடிய பாட்டிலில் தேனை ஊற்றி, சைக்கிள் பால்ரஸ் இரும்புக் குண்டைப் போட்டு, அது அடியில் உட்காரும்வரை நீ விரல் மடக்கி எண்ணுவாய். மெதுவாக இறங்கினால் விலை பேசலாம். சட்டென்று இறங்கினால் தண்ணீர் கலந்தது, டின்னைத் தொடமாட்டோம். ஒருமுறை மலைமேல் போடிமெட்டுக் குளிரில் குண்டு ஊர்ந்து போனதைப் பார்த்து ஒரு ஜீப்பு லோடு ஏற்றினோம். கீழே போடி வெயிலில் போட்டுப் பார்த்தால் கல்லாட்டம் விழுகிறது. நான் விற்றவனைத் திட்ட, நீ சிரித்தாய்.

"அவன ஏன் மாப்ளே வையிற? குளிருல தண்ணித் தேனும் கெட்டியாத்தான் நிக்கும். கீழ கொண்டாந்து பாக்காதது நம்ம கூமுட்டைத்தனம்."

அதன்பிறகு மலையில் வைத்து எந்தத் தேனையும் நீ நம்பியதில்லை. உன் உடம்பு விஷயத்தில் மட்டும் அந்தப் புத்தி எங்கே போனது? சாயங்காலமானால் காய்ச்சல், தொளதொளத்துப்போன சட்டை. கேட்டால், "மெட்டுக் குளிருடா, சோலியப் பாரு." நானும் சோலியைப் பார்த்தேன். நீ செத்துப்போன பிறகு ஜீப்பைத் துடைத்த உன் வீட்டுக்காரி, எனக்குத் தங்கச்சி முறை, உள்ளே கிடந்த ஒரு சீட்டை எடுத்து வந்து கொடுத்தது. இதே பரிசோதனை. நீ போவதற்கு நாலு மாதம் முந்தியது. எண்ணைச் சுற்றி வட்டம் போட்டிருந்தது. தனியாக வந்து வாங்கி, மடித்து ஒளித்து வைத்திருக்கிறாய். உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

எனக்கும் மூன்று வாரமாகச் சாயங்காலம் உடம்பு காய்கிறது. வீட்டில் "மெட்டுக் குளிரு" என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். இன்றும் ஏலக்காய் மண்டிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். ஏலத்தில் எவனுக்கும் அசராதவன், இங்கே பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்க்கிறேன். அரை மணி போய்விட்டது. சிவப்பு வேகமாகத்தான் இறங்குகிறது. அல்லது என் பயம் அப்படிக் காட்டுகிறது.

சற்றுமுன் என் வீட்டுக்காரியைப் போனில் கூப்பிட்டேன்.

"என்ன, மண்டி முடிஞ்சிருச்சா?"

"மண்டிக்குப் போகல. ரத்தம் குடுத்துட்டு லேப்புல உக்காந்திருக்கேன். வா. பயமா இருக்கு."

"அங்கயே இருங்க. நான் வராம சீட்டை வாங்காதீக" என்றாள்.

பயம் குறையவில்லை, மாப்ளே. ஆனால் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. நீ ரத்தம் கொடுத்த அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், போட்டது போட்டபடி வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நீ கூப்பிடாத அந்த ஒரு மணி நேரத்தைத்தான் இன்னும் சுமந்துகொண்டு திரிகிறேன்.